பிள்ளை மனசில் பட்ட அடி

(தோட்டத் தாய்மார், தந்தைமார் கூட்டத்தில் மனநலம் பற்றி நிகழ்த்தப்பட்ட உரை. கூடியவரை பேசிய நடையிலேயே இங்கு தரப்படுகிறது.)





காலையில் பெரட்டுக்குப் போய், மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் அடுப்பு காத்திருக்கும், பிள்ளைகள் காத்திருப்பார்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சில பேரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆணாகவும் இருக்கலாம், பெண்ணாகவும் இருக்கலாம். காலையில் பீலிக்கரையில் சிரித்துப் பேசும் ஆள், பத்து மணிக்கு ஒரு சின்ன வார்த்தைக்குக் கொதித்து எழும்பும். மத்தியானம் அழுது கொண்டிருக்கும். சாயங்காலம் ஒன்றுமே நடக்காத மாதிரி தேத்தண்ணி குடிக்கும். "நீதான் எனக்கு உசுரு" என்று ஒருவரைத் தலையில் வைத்துக் கொண்டாடும். அவர் ஒரு நாள் வராமல் போனால் "நீ எனக்குத் துரோகி" என்று தூக்கி எறியும். கோபம் வந்தால் சாமானை உடைக்கும். சில வேளை தன் கையையே கீறிக் கொள்ளும். "செத்துப் போறேன்" என்று ஓடும்.

இப்படிப்பட்ட ஆளைப் பற்றி லயத்தில் என்ன பேசிக் கொள்கிறோம்? "திமிரு" என்போம். "எல்லாம் நடிப்பு" என்போம். "பேய் புடிச்சிருக்கு, கோடாங்கிய கூப்பிடு" என்போம். "பொறந்த நேரம் அப்படி" என்று கையை விரிப்போம்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். இது திமிர் அல்ல, நடிப்பும் அல்ல, பேயும் அல்ல. கொதிக்கிற மனசைத் தணிக்கிற பழக்கம் என்று ஒன்று இருக்கிறது. சின்ன வயதில் அது சரியாகக் கிடைக்காத பலருக்கு இந்த வேதனை வருகிறது. அந்தப் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு இன்றைக்கே கொடுக்கலாம். கிடைக்காமல் வளர்ந்துவிட்ட பெரியவருக்கும் பிறகு கற்றுக் கொடுக்கலாம்.

இந்த நோய்க்கு என்ன பெயர்?

வைத்தியர்கள் இதை எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு என்பார்கள். ஆங்கிலத்தில் பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸ்ஓர்டர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். 1938ஆம் ஆண்டில் அடோல்ஃப் ஸ்டேர்ன் என்ற வைத்தியர் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார். சாதாரண மனக்கவலைக்கும் கடுமையான மனநோய்க்கும் இடையில், எல்லைக்கோட்டில் நிற்கிறார்கள் என்பது அந்தக் காலத்து எண்ணம். எண்ணம் மாறிவிட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது. 1980இல் இது நோய்களின் பட்டியலில் முறையாகச் சேர்க்கப்பட்டது.

வைத்தியர்கள் ஒன்பது அடையாளங்களைப் பார்க்கிறார்கள். என்னைக் கைவிட்டு விடுவார்களோ என்ற தாங்க முடியாத பயம் ஒன்று. உறவுகள் ஒரு நாள் உச்சியிலும் மறுநாள் பள்ளத்திலும் கிடப்பது இன்னொன்று. நான் யார் என்றே தெரியாத தடுமாற்றம், முன்பின் யோசிக்காமல் காரியத்தில் இறங்குவது, தன்னைத் தானே காயப்படுத்துவது அல்லது சாகப் போவதாக முயல்வது, மணிக்கு மணி மாறும் மனநிலை, உள்ளே எப்போதும் வெறுமை, அடக்க முடியாத கோபம் ஆகியவையும் உண்டு. மனசு மிக நெருக்கப்படும்போது எல்லோர் மேலும் சந்தேகம் வருவது, அல்லது தான் தன் உடம்பிலேயே இல்லாதது போல் உணர்வது கடைசி அடையாளம். இந்த ஒன்பதில் ஐந்தாவது நீண்ட காலமாக இருக்க வேண்டும். அதையும் வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். இரண்டு அடையாளத்தைப் பார்த்துவிட்டு "பணிய லயத்து அக்காவுக்கு அந்த நோய்தான்" என்று நாம் பெயர் சூட்டக் கூடாது. கோபம் எல்லோருக்கும் வரும். கோபப்படுகிறவர் எல்லோரும் நோயாளி இல்லை.

மனசைத் தணிக்க எப்படிப் படிக்கிறோம்?

பிறந்த குழந்தைக்குத் தன்னைத் தானே தேற்றிக் கொள்ளத் தெரியாது. பசித்தால் வீரிட்டு அழும். பயந்தாலும் அப்படித்தான். நாம் என்ன செய்கிறோம்? தூக்கி மார்போடு அணைத்து, முதுகைத் தட்டி, "ஒண்ணுமில்லடா கண்ணு, அம்மா இருக்கேன்" என்கிறோம். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பு மெல்ல இறங்குகிறது. இப்படி ஆயிரம் தடவை நடந்த பிறகு, அந்தத் தேறுதல் குழந்தைக்கு உள்ளேயே வந்து விடுகிறது. வெளியே அம்மாவின் கை செய்த வேலையைப் பிறகு பிள்ளையின் மனசே செய்து கொள்கிறது. மனசை ஆளுகிற பழக்கம் இப்படித்தான் வருகிறது.

கன்றுத் தவறணையை நினைத்துப் பாருங்கள். தேயிலைக் கன்றை வெட்டி நட்டவுடனே வெயிலில் விட்டு விடுகிறோமா? மேலே நிழல் போடுகிறோம், தண்ணீர் தெளிக்கிறோம். வேர் பிடித்த பிறகு நிழலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறோம். பிறகுதான் மலைக்குக் கொண்டு போகிறோம். "வெயில்ல காஞ்சாத்தான் உறுதியா வரும்" என்று முதல் நாளே நிழலைப் பிடுங்கினால் கன்று என்ன ஆகும்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் மூளைக்குள் ஆபத்தை அறிவிக்கிற ஒரு பகுதி இருக்கிறது. தொழிற்சாலைச் சங்கு மாதிரி அது அலறும். நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளை, "பொறு, என்ன நடந்தது என்று பார்ப்போம்" என்று அதை அமர்த்தும். இந்த முன்மூளை முழுதாக முதிர்வதற்கு இருபது வயதும் கடந்து போகிறது. அடியும் ஏச்சும் பயமும் நாளாந்தம் நடக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்குச் சங்கு எந்நேரமும் ஊதத் தயாராக இருக்கும். அமர்த்துகிற பகுதிக்குப் பழகச் சந்தர்ப்பமே கிடைக்காது. பெரியவரான பிறகு, புருஷன் முகத்தைத் திருப்பினாலும், கங்காணி ஒரு சொல் சொன்னாலும், உள்ளே பெரிய ஆபத்து வந்தது போல் சங்கு அலறுகிறது. பார்க்கிற நமக்கு "இதுக்கா இவ்வளவு?" என்று தோன்றும். அவருக்கு அது இவ்வளவுதான் என்று தெரிவதில்லை.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

2020இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பல நாடுகளில் நடந்த 97 ஆய்வுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 71 பேர், சின்ன வயதில் ஏதோ ஒரு கொடுமையை அனுபவித்ததாகச் சொல்லியிருந்தார்கள். மனநோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால், இப்படிச் சொல்வதற்கான வாய்ப்பு இவர்களிடம் ஏறத்தாழ 14 மடங்கு.

இதில் நம்மை நிறுத்தி யோசிக்க வைக்கிற விஷயம் வேறொன்று. எல்லாக் கொடுமையிலும் இந்த நோயோடு மிக நெருங்கிய தொடர்பு எதற்கு இருந்தது? பிரம்படிக்கு அல்ல. மனசை நோகடிப்பதற்கும், பிள்ளையைக் கவனிக்காமல் விடுவதற்கும்தான். "நீ ஏன் பொறந்த?", "சனியன்", "உன்னப் பாத்தாலே பத்திக்கிட்டு வருது" என்ற சொற்கள் உடம்பில் தழும்பு வைப்பதில்லை. ஆனால் அந்த அடி உள்ளே போய்த் தங்குகிறது. அதே போல, பிள்ளை அழுதால் என்ன சிரித்தால் என்ன என்று யாரும் திரும்பிப் பாராமல் இருப்பதும் ஒரு காயம்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் அடித்ததால் பிள்ளைக்கு இந்த நோய் வந்துவிடும் என்று அர்த்தமில்லை. கொடுமைப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. ஒரு பாட்டியோ, ஒரு மாமாவோ, ஒரு டீச்சரோ அன்பாக இருந்ததனால் தப்பி வந்தவர்கள் ஏராளம். மறுபக்கம், இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு 29 பேர் அப்படி எந்தக் கொடுமையையும் சொல்லவில்லை. பிறவியிலேயே சில பிள்ளைகளுக்கு மனசு மெல்லிய தோலோடு இருக்கிறது. ஸ்வீடன் நாட்டில் பதினெட்டு லட்சம் பேரின் பதிவுகளைப் பார்த்த ஆய்வு, இந்த நோயில் ஏறத்தாழப் பாதிப் பங்கு பிறவிவழி வருவது என்று கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இந்த நோய் உள்ள பிள்ளையின் தாயைப் பார்த்து "நீ வளத்த லட்சணம்" என்று விரல் நீட்ட யாருக்கும் உரிமை இல்லை.

தானே பட்டுத் தெளிந்த ஒரு அம்மா

அமெரிக்காவில் மார்ஷா லினஹான் என்று ஒரு மனநல நிபுணர். 1943இல் பிறந்தவர். 17 வயதில், 1961இல், ஹார்ட்ஃபோர்ட் என்ற நகரத்து மனநல ஆஸ்பத்திரியில் அவரைச் சேர்த்தார்கள். தன்னைத் தானே கடுமையாகக் காயப்படுத்திக் கொண்டார். தனி அறையில் பூட்டி வைத்தார்கள். இரண்டு வருடமும் இரண்டு மாதமும் அங்கே கிடந்தார். அங்கிருந்தவர்களிலேயே மிக மோசமான நோயாளிகளில் ஒருவர் என்றுதான் அவரைப் பற்றி எழுதி வைத்திருந்தார்கள்.

வெளியே வந்தவர் படித்தார். 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். தன்னைப் போல் சாகத் துடிக்கிறவர்களுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். டி.பி.டி. என்பது அதன் பெயர். அதனால் பலன் உண்டு என்று காட்டிய முதல் ஆய்வு 1991இல் வெளிவந்தது. தன் சொந்தக் கதையை மட்டும் அவர் பல காலம் பொதுவில் சொல்லவில்லை. 2011இல், தன்னை அடைத்து வைத்திருந்த அதே ஆஸ்பத்திரிக்குப் போய், எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அப்போது அவருக்கு வயது 68.

அவர் தந்த விளக்கம் எளிமையானது. இரண்டு விஷயம் ஒன்று சேரும்போது நோய் வளர்கிறது என்றார். ஒன்று, பிறவியிலேயே மெல்லிய மனசு. மற்றது, அந்தப் பிள்ளையின் உணர்ச்சியைச் செல்லாக்காசு மாதிரித் தள்ளிவிடுகிற வீடு. பிள்ளை "பயமா இருக்கு" என்கிறது. "என்ன பயம்? சும்மா இரு" என்கிறோம். "வலிக்குது" என்கிறது. "நடிக்காத" என்கிறோம். அழுகிறது. "அழுகைய நிப்பாட்டு, இல்லாட்டி இன்னும் போடுவேன்" என்கிறோம். பிள்ளை என்ன படிக்கிறது? தனக்குள் நடப்பதை நம்பக் கூடாது என்று படிக்கிறது. மெதுவாகச் சொன்னால் யாரும் கேட்பதில்லை, கத்தி உடைத்து, உயிரை விடப் போகிறேன் என்றால்தான் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் படிக்கிறது. பிறகு அதையே "நடிப்பு" என்கிறோம்.

"நாங்களும் அடிபட்டுத்தானே வளந்தோம்?"

இந்தக் கேள்வி உங்களில் பலர் மனசில் இருக்கும். "அடியாத மாடு படியாது" என்று பழமொழியும் இருக்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இந்தப் பிரம்பு நம் வீட்டுக்குள் எங்கிருந்து வந்தது? நம் பாட்டன் பூட்டன் காலத்தில் பெரட்டுக் களத்தில் கங்காணியின் பிரம்பு பேசியது. மேலே இருந்தவர் கீழே இருந்தவரை அடித்தார், ஏசினார். வாங்கியவர் காம்பராவுக்கு வந்து பெண்சாதியை அடித்தார். அவள் பிள்ளையை அடித்தாள். பிள்ளை நாயை அடித்தது. மேலே இருந்து வந்த பிரம்பை எதிர்த்துச் சங்கம் வைத்துப் போராடிய சமூகம் நாம். "எங்களை மனுசராக நடத்து" என்று கேட்டோம். அதே மரியாதையை நம் காம்பராவில் இருக்கிற நாலு வயதுப் பிள்ளைக்கும் கொடுக்க வேண்டாமா?

பள்ளிக்கூடங்களிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. 2017இல் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்காக நாட்டின் ஆறு மாவட்டங்களில் நடந்த ஆய்வில், நூற்றுக்கு 80 மாணவர்கள் அந்தத் தவணையில் ஒரு தடவையாவது அடி வாங்கியிருந்தார்கள். ஆசிரியர் அறைந்ததால் காது பாதிக்கப்பட்ட மாணவர் ஒருவரின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021 பெப்ரவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியது. பிள்ளைக்குக் கொடுமை செய்வதை 1995ஆம் ஆண்டே தண்டனைச் சட்டக் கோவையில் தனிக் குற்றமாகச் சேர்த்தார்கள்.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்த நான் இதைச் சொல்லவில்லை. தாயின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. கொழுந்து குறைந்து அரைப் பேர் விழுந்த நாள், வீட்டில் அரிசி இல்லாத நாள், புருஷன் குடித்துவிட்டு வந்த நாள். அந்த நாளில்தான் கை நீளும். பிள்ளை செய்த குற்றத்துக்கு அல்ல, நம் களைப்புக்குத்தான் அது அடி வாங்குகிறது.

வீட்டில் என்ன செய்யலாம்?

இதற்குக் காசு வேண்டாம். ஐந்து காரியம் சொல்கிறேன்.

முதலாவது, கை நீளும்போது காலை நீட்டுங்கள். இஸ்தோப்புக்கு வந்து நில்லுங்கள். முகத்தில் பச்சைத் தண்ணீர் அடியுங்கள். மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விடுங்கள். பத்துத் தடவை. பிறகு உள்ளே போங்கள்.

இரண்டாவது, பிள்ளையின் உணர்ச்சிக்குப் பெயர் கொடுங்கள். "கோவமா இருக்கா? தம்பி உன் பென்சில எடுத்துட்டானா?" என்று கேளுங்கள். பெயர் தெரிந்த உணர்ச்சி பாதி அடங்கிவிடும். உணர்ச்சியை ஏற்றுக் கொள்வது வேறு, செய்த காரியத்தை ஏற்றுக் கொள்வது வேறு. "கோவம் வரலாம்டா. ஆனா தம்பிய கடிக்கக் கூடாது." இவ்வளவுதான் பாடம்.

மூன்றாவது, "உன்ன விட்டுட்டுப் போயிருவேன்", "பிச்சைக்காரன் கிட்ட குடுத்துருவேன்" என்று விளையாட்டுக்கும் சொல்லாதீர்கள். நமக்கு அது விளையாட்டு, பிள்ளைக்கு அது உண்மை. கைவிட்டு விடுவார்களோ என்ற பயம்தான் இந்த நோயின் நடுத்தண்டு என்று முன்னே சொன்னேனே, அதற்கு விதை போடாதீர்கள். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போக வேண்டி வந்தால் பிள்ளைக்குச் சொல்லாமல் இரவோடு இரவாகப் போகாதீர்கள். எங்கே போகிறீர்கள், யார் பார்த்துக் கொள்வார்கள், எப்போது போன் எடுப்பீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொன்ன நேரத்துக்கு எடுங்கள்.

நான்காவது, பிள்ளை ஏதாவது தகாத காரியம் நடந்ததாகச் சொன்னால், அது யாரைப் பற்றியதாக இருந்தாலும், "வெளிய சொல்லாத, மானம் போயிரும்" என்று வாயை மூடாதீர்கள். முதலில் நம்புங்கள். "உன் மேல தப்பு இல்ல" என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல் பிள்ளையின் வாழ்க்கையையே காப்பாற்றலாம். படிக்கிற பிள்ளையைக் கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்புவதையும் நிறுத்த வேண்டும். அங்கே அடித்தாலும் ஏசினாலும் அணைக்க ஒரு கை இருக்காது. 2021 முதல் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு அமர்த்துவது சட்டவிரோதம்.

ஐந்தாவது, தவறி அடித்து விட்டீர்களா? ராத்திரி பக்கத்தில் படுக்க வைத்து, "அம்மாவுக்குக் கோவம் வந்துருச்சு, அடிச்சது பிழை" என்று சொல்லுங்கள். அப்படிச் சொல்வதால் தாய்க்கு மரியாதை குறையாது. கோபம் வந்த பிறகும் உறவைச் சரிசெய்யலாம் என்று பிள்ளை படிக்கும்.

இது தாய்க்கு மட்டும் சொன்னதல்ல. ஐயாமார்களே, உங்களுக்கும்தான். அம்மாவை அப்பா அடிப்பதைப் பார்த்துக் கொண்டிருக்கும் பிள்ளைக்கும் உள்ளே அடி விழுகிறது. 1998இல் அமெரிக்காவில் 9,500க்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வில், வீட்டுக்குள் நடக்கும் இப்படிப்பட்ட துன்பங்களில் நாலோ அதற்கு மேலோ பட்டு வளர்ந்தவர்களுக்குக் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவை 4 முதல் 12 மடங்கு கூடுதலாக வந்திருந்தன. இன்று நீங்கள் வைக்கும் போத்தல் நாளைக்கு உங்கள் மகன் கைக்குப் போகலாம்.

பெரியவருக்கு வந்திருந்தால்?

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் கூட இருப்பவர்களுக்கும் பெரிய பாடுதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வழி இருக்கிறது.

கொதித்து நிற்கும் நேரம் நியாயம் பேசாதீர்கள். சங்கு ஊதும்போது பேச்சுக் கேட்காது. "உனக்கு ரொம்ப கஷ்டமா இருக்குனு தெரியுது. நான் இங்கதான் இருக்கேன்" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அலை ஏறினால் இறங்கும். இறங்கிய பிறகு பேசலாம். அதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். "நீ கோவப்படலாம், என்னை அடிக்கக் கூடாது" என்று உறுதியாகச் சொல்லலாம். செய்வேன் என்று சொன்னதைச் செய்யுங்கள். முடியாததைச் சொல்லாதீர்கள்.

லினஹான் அம்மையாரின் முறையில் நாலு பாடம் இருக்கிறது. இந்த நிமிஷத்தில் மனசில் நடப்பதை அப்படியே கவனிப்பது. தாங்க முடியாத நேரத்தைக் காயமில்லாமல் கடப்பது. உணர்ச்சியைப் புரிந்து தணிப்பது. சண்டையில்லாமல் தேவையைக் கேட்பது. வாசிக்கப் படிப்பது மாதிரி இதையும் பழகிப் பழகித்தான் படிக்க வேண்டும். இந்த நோய்க்கென்று தனிக் குளிசை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கோ நித்திரையின்மைக்கோ வைத்தியர் மருந்து தரலாம். முக்கிய சிகிச்சை பேச்சும் பயிற்சியும்தான்.

குணமாகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் மக்லீன் ஆஸ்பத்திரியில் மேரி சனரினி என்ற ஆய்வாளர் 1992இல் தொடங்கி 290 நோயாளிகளை இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை பார்த்து வந்தார். பத்து வருடத்துக்குள் நூற்றுக்கு 93 பேருக்கு, குறைந்தது இரண்டு வருடம் தொடர்ந்து நோயின் அடையாளங்கள் விலகியிருந்தன. பாதிப் பேர் வேலை, உறவு எல்லாவற்றிலும் நன்றாகத் தேறியிருந்தார்கள். "பொறந்த நேரம் அப்படி" என்று கையை விரிக்கிற நோய் அல்ல இது.

உயிர் விஷயத்தில் அசட்டை வேண்டாம்

"சாகிறேன்னு சொல்றவ சாக மாட்டா" என்பது பொய். அப்படிச் சொல்பவரை ஒவ்வொரு தடவையும் நம்பிக் கவனிக்க வேண்டும். "சாகணும் போல இருக்கா?" என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனசில் உள்ளதை இறக்கி வைக்கத்தான் அது உதவும்.

1995இல் நம் நாட்டில் லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. மிகக் கொடிய நச்சு மருந்துகளை அந்த 1995 தொடக்கம் 2011 வரை அரசாங்கம் படிப்படியாகத் தடை செய்தது. இருபது வருடத்தில் அந்த மரணங்கள் சுமார் 70 வீதம் குறைந்தன. இது என்ன சொல்கிறது? சாகத் துடிக்கிற அந்தக் கொதிப்பு பல பேருக்குக் கொஞ்ச நேரம்தான். அந்த நேரத்தில் கையெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் உயிர் தப்பும். ஆகவே புல்லுக்கு அடிக்கிற மருந்து, மரக்கறித் தோட்டத்து மருந்து எதையும் காம்பராவில் வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமானால் பூட்டித் திறப்பை வேறொருவரிடம் கொடுங்கள். வீட்டில் உள்ள குளிசைகளுக்கும் அப்படியே.

யாராவது அப்படி முயன்று விட்டால் பொலிசுக்குப் பயந்து ஒளிக்காதீர்கள். தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப்பிரிவு 1998இல் நீக்கப்பட்டுவிட்டது. ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். உயிர் தப்பி வந்தவரை லயத்தில் கேலி பேசாதீர்கள். அந்தக் கேலிதான் அடுத்த தடவைக்குத் தள்ளும்.

எங்கே போவது?

முதலில் உங்கள் தோட்ட டிஸ்பென்சரியில் சொல்லுங்கள். மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லலாம், பிள்ளை மடுவத்தில் உள்ள சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் சொல்லலாம், நலன்புரி உத்தியோகத்தரிடம் சொல்லலாம். அவர்கள் அரசாங்க ஆஸ்பத்திரியின் மனநலக் கிளினிக்குக்கு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். கிளினிக்குக்குப் போனால் "பைத்தியம்" என்று பேர் வருமே என்று கூசாதீர்கள். சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் கிளினிக் போகிறோமே, அது மாதிரித்தான்.

தேசிய மனநல உதவித் தொலைபேசி இலக்கம் 1926. பிள்ளைக்குக் கொடுமை நடந்தால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. இந்த இரண்டையும் காம்பராச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள். சாமி கும்பிடுவதை நான் நிறுத்தச் சொல்லவில்லை. கும்பிட்டுவிட்டுக் கிளினிக்குக்கும் போங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கவ்வாத்து வெட்டிய மலையைப் பார்த்தால் ஒன்றுமில்லாத குச்சிகளாக நிற்கும். ஆனால் வேரில் சத்து இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் தளிர் வரும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் வெட்டிய செடியைப் பிடுங்கி எறிவதில்லை. மனுசரும் அப்படித்தான். சின்ன வயதில் வெட்டுப்பட்டவருக்கும் அன்பும் பயிற்சியும் பொறுமையும் கிடைத்தால் தளிர் வரும்.

இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பிள்ளை எதற்காவது அழுதால், "ஏன் அழுற?" என்று அதட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து "என்னம்மா ஆச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் இருங்கள்.